கிழங்குக்கு அடிக்கிற மருந்தும் என் தைரொய்டும்

கேள்வி: வீட்டுக்காரர் கிழங்குத் தோட்டத்துக்கு மன்கோசெப் அடிக்கிறார். வேலை முடிந்து வந்து அதே சட்டையோடு பிள்ளையைத் தூக்குவார். எனக்கு இப்போது தைரொய்ட் குறைவு என்று மாத்திரை தந்திருக்கிறார்கள். அந்த மருந்தால் வந்ததா?
– பெயர் வேண்டாம், கந்தப்பளை

பதில்: பனிமூட்டம் இறங்கினால் கிழங்கு இலை கருகிவிடும் என்று பயந்து டேங்கியில் கரைத்து அடிப்பார்களே, அந்த மஞ்சள் நிறத் தூள்தானே தங்கச்சி? அதற்குக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை. ஆனால் உங்களுக்கு அதனால்தான் வந்தது என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால்தான் பெண்கள் பலருக்கு இது வருகிறது, அதைக் காட்டும் ஆன்டிபொடி இரத்தச் சோதனை தேவையா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

சரி, மருந்து என்ன செய்கிறது? தைரொய்ட் சுரப்பி இரத்தத்திலிருந்து அயடீனை இழுத்து, ஒரு நொதியின் உதவியோடு அதை ஒட்டவைத்துத்தான் ஹோர்மோன் செய்கிறது. மன்கோசெப் சிதைந்தால் எதிலீன் தயோயூரியா என்று ஒன்று வரும், அது அந்த நொதியின் கையைக் கட்டிவிடும். ஹோர்மோன் குறைந்தால் மூளை சும்மா இருக்குமா, இன்னும் செய், இன்னும் செய் என்று சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹோர்மோனின் அளவைக் கூட்டிக்கொண்டே போகும், சிலருக்குக் கழுத்து வீங்குவதும் அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் இந்த மருந்தின் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டதற்கு ஹோர்மோனைக் குழப்புவதும் ஒரு காரணம்.

இன்னொன்று, வேகவைத்தால் மருந்து போய்விடும் என்று நம் ஆட்கள் சொல்வது இங்கே தலைகீழ். இலையில் ஒட்டியிருக்கும் மன்கோசெப் அடுப்புச் சூட்டில்தான் எதிலீன் தயோயூரியாவாக மாறும். அதனால் லீக்ஸோ கோவாவோ, நன்றாக அலசிவிட்டுச் சமையுங்கள்.

அவரை வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள், குளித்த பிறகு பிள்ளையைத் தூக்கட்டும், அந்த உடுப்பை வேறாகத் துவையுங்கள். அடுத்த பிள்ளைக்கு யோசனை இருந்தால் டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முதல் 3 மாதம் வயிற்றுப் பிள்ளை தாயின் ஹோர்மோனை நம்பித்தான் இருக்கும்.

அப்புறம் உப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் சிரட்டையில் வைக்கிற பழக்கம் இருந்தால் மூடி போட்ட போத்தலுக்கு மாற்றுங்கள், ஈரத்திலும் சூட்டிலும் அயடீன் குறைந்துபோகும். மாத்திரையை விடிய வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரமாவது பொறுத்துத்தான் தேத்தண்ணி. அந்தக் குளிரில் கஷ்டம்தான், தெரியும். இரும்புச்சத்து மாத்திரையும் தந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரம் விடுங்கள்.