கூடு கட்டும் காலத்தில் பறவைகளை எப்படி எண்ணுவது?

திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்கள் ஊர்க் குளத்துக் கருவேல மரங்களில் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டியிருக்கின்றன. எண்ணிப் பதிவு செய்ய ஆசை. பைனாகுலர் மட்டும்தான் இருக்கிறது, கிட்டப் போகலாமா?”

பைனாகுலர் தாராளமாகப் போதும், கிட்டப் போக வேண்டாம். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் செய்வதுபோல் தலைகளை எண்ணிவிட்டு வந்தால் இங்கே சரிவராது, ஏனென்றால் ஜோடியில் ஒன்று கூட்டில் இருக்கும்போது மற்றது எங்கேயோ வயலில் இரை தேடிக்கொண்டிருக்கும். அதனால் கூட்டைத்தான் எண்ண வேண்டும். ஒரு கூடு என்றால் ஒரு ஜோடி. பறவை உட்கார்ந்திருக்கணும், இல்லை குஞ்சு தெரியணும், இல்லை சுள்ளி கொண்டுவந்து செருகிக்கொண்டாவது இருக்கணும். போன வருஷத்துக் காலிக் கூட்டைச் சேர்க்காதீர்கள்.

வெயில் முதுகில் விழுகிற மாதிரி கரையில் ஓரிடம் பார்த்து நின்று, கிறுக்கலாகவாவது ஒரு படம் வரைந்து மரங்களுக்கு எண் போடுங்கள். அப்புறம் மரம் மரமாக எண்ணுங்கள். உச்சியில் மஞ்சள் மூக்கு நாரை பளிச்சென்று தெரியும், கீழே இலைக்குள் கட்டியிருக்கிற இராக்கொக்குதான் கண்ணுக்குத் தப்பும். தப்பினால் தப்பட்டும், அதற்காகத் தண்ணீரில் இறங்க வேண்டாம். உச்சி வெயிலில் நாரை இறக்கையை விரித்து நின்று குஞ்சுக்கு நிழல் தருவதை நீங்களே பார்ப்பீர்கள். ஆளைக் கண்டு அது எழுந்துவிட்டால் குஞ்சு வெயிலில் வாடும், முட்டைக்குக் காகம் வந்துவிடும். 1972ஆம் வருடத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதையும் வேட்டை என்றே சொல்கிறது. ட்ரோனும் கூடாது. திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைச் சரணாலயமான கூந்தன்குளத்தில் வீட்டு மரத்திலேயே நாரை கட்டுகிறதே என்பீர்கள். அங்கே அது தலைமுறை தலைமுறையாக ஊராரோடு பழகிய பறவை, உங்கள் குளத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எல்லாம் ஒரே வாரத்தில் கட்டாது. நாரை அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம் ஆகும் என்பதால் மாதம் ஒருமுறை போய், கிடைத்ததில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மாதத்தையும் கூட்டினால் ஒரே கூட்டைத் திரும்பத் திரும்ப எண்ணியதாகிவிடும்.

பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இ-பேர்டில் (eBird) ஏற்றும்போது எண்ணிக்கைக் கட்டத்தில் பார்த்த பறவைகளைப் போட்டுவிட்டு, கூடுகளின் எண்ணிக்கையைக் குறிப்பில் எழுதி, கூடு, குஞ்சு என்று பார்த்ததைச் சொல்லும் இனப்பெருக்கக் குறியீட்டையும் (breeding code) தேர்ந்தெடுங்கள். குளம் சரணாலயத்துக்குள் வந்தால் முதலில் வனச்சரக அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள்.