காரணி ஒன்றுகூடத் தெரியாத எண்ணைப் பகு எண் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது 24-ஆவது பெர்மா எண்ணைப் பற்றி. 2-இன் 1, 2, 4, 8 என இரட்டித்துக்கொண்டே போகும் அடுக்குகளோடு 1-ஐக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257 போன்றவையே பெர்மா எண்கள்; 3-ஐ 0-ஆவது என்று வைத்து எண்ணுவார்கள். 2-இன் 1,67,77,216-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் வருவது 24-ஆவது. முழுதாக எழுதினால் 50,50,446 இலக்கங்கள். பகு எண் என்று 1999-இலேயே கணக்கிட்டு முடித்துவிட்டார்கள். ஆனால் அதை மீதியின்றி வகுக்கும் எண் (1-ஐயும் அதையும் தவிர) ஒன்றுகூட இன்றுவரை கையில் சிக்கவில்லை. "காரணியைக் காட்டு, நம்புகிறேன்" என்று நானும் நெடுநாள் பிடிவாதமாக இருந்தவன்தான்.

என் பிடிவாதத்தைக் கரைத்தது 91. பகா எண் என்று பலரையும் ஏமாற்றும் எண் இது. பெர்மாவின் சிறிய தேற்றப்படி, ஒற்றைப்படைப் பகா எண் எதுவாக இருந்தாலும், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வந்தே தீர வேண்டும். 91-க்கு 90-ஆம் அடுக்கைப் பார்க்க வேண்டும். 2-இன் 12-ஆம் அடுக்கு 4096. 91 × 45 = 4095; ஆக மீதி 1. அப்படியானால் 84-ஆம் அடுக்குக்கும் மீதி 1. இன்னும் ஆறு அடுக்குகள் பாக்கி, அவை 64. மீதி 64, 1 அல்ல. கதை முடிந்தது, 91 பகா எண்ணாக இருக்க முடியாது. இந்தக் கணக்கில் 7-உம் 13-உம் எங்காவது தலைகாட்டினவா? தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்; நான் மூன்று முறை போட்டேன்.

ஒரு எச்சரிக்கை: இது ஒருவழிப் பாதை. 341 = 11 × 31; ஆனாலும் இந்தச் சோதனையில் மீதி 1 என்றே வந்து தப்பித்துவிடும். தோற்ற எண் நிச்சயமாகப் பகு எண். தேறியதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

பெர்மா எண்களுக்கு மட்டும் இருவழியும் திறந்த சோதனை ஒன்றை 1877-இல் பெப்பான் என்ற கணிதவியலாளர் தந்தார். 17-ஐ எடுங்கள். 3-ஐ வர்க்கப்படுத்தினால் 9. மறுபடி 81, 17-ஆல் வகுக்க மீதி 13. மறுபடி 169, மீதி 16. எண்ணைவிட ஒன்று குறைவாக முடிந்தது, ஆகவே 17 பகா எண். வேறு எதில் முடிந்திருந்தாலும் பகு எண்தான். 17-க்கு மூன்று வர்க்கங்கள் போதும். 24-ஆவது எண்ணுக்கு 1,67,77,215 வர்க்கங்கள். ஒவ்வொன்றும் 50 லட்சம் இலக்க எண்ணோடு. எங்கோ ஒரு பிட் பிசகினாலும் எல்லாம் வீண் என்பதால், தனித்தனியாக இருமுறை ஓட்டி இடையில் வந்த மீதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

இந்த நிலைமை புதிதல்ல. 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வரும் 21 இலக்க எண் பகு எண் என்று கணிதவியலாளர் லூக்கா 1876-இல் நிறுவினார், காரணி இல்லாமலே. 19,37,07,721 என்ற காரணியை கோல் என்ற கணிதவியலாளர் அறிவித்தது 1903-இல்.

24-ஆவது எண்ணைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்றும் எண்ணிவிடாதீர்கள். அதன் கடைசி இலக்கம் 7. தனக்கு முந்தைய பெர்மா எண்கள் அனைத்தையும் பெருக்கி 2-ஐக் கூட்டினால் அதுவே வரும். அதனால் அவற்றில் எதனோடும் 1-ஐத் தவிர அதற்குப் பொதுக் காரணி கிடையாது. அதன் காரணி எதுவாக இருந்தாலும் 6,71,08,864-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். இப்படி அங்க அடையாளமெல்லாம் தெரிந்தும் ஆள் அகப்படவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை.

33-ஆவது பெர்மா எண் பகுவா, பகாவா என்பதே இன்னும் தெரியாது. அதற்கு இலக்கங்கள் மட்டும் 258 கோடி. பெப்பான் சோதனையை அதற்கு இதுவரை யாரும் ஓட்டி முடிக்கவில்லை.