ஆழமான வாய்க்கால்

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் நான். சீனாவில் ஷென்ஜெனில் வேலை பார்க்கும் மகன் நான்கு நாட்களுக்கு வரச் சொல்கிறான். வெறும் மீனவ கிராமம் நாற்பதே ஆண்டுகளில் மாநகரமான அதிசயத்தை நேரில் பார்க்கப்போகிறேன். ஈபிள் கோபுரத்தின் மாதிரியெல்லாம் இருக்கும் 'உலகச் சாளரம்' பூங்கா போதுமா, 599 மீட்டர் பிங் ஆன் கோபுரத்திலும் ஏற வேண்டுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வானம் தெளிந்திருந்தால் ஏறுங்கள். சாப்பாட்டுக் கவலையை மகனிடம் விடுங்கள். பிள்ளை பெற்றது பிறகு எதற்கு?

என்னைச் சீண்டியது உங்கள் 'மீனவ கிராமம்'. ஆயுள் முழுவதும் பாடம் நடத்தியவர் எழுதும் வார்த்தையா இது? அங்கே 1911-லேயே ரயில் வந்துவிட்டது. அது சந்தை கூடிய ஊர். 1979-இல் ஷென்ஜென் நகரமாக அறிவிக்கப்பட்டபோது, அதுவரை பாவோஆன் என்றிருந்த அந்த மாவட்டத்தில் மூன்று லட்சம் பேருக்குமேல் வாழ்ந்தார்கள். மீனவர் குடியிருப்பு ஒன்று இருந்தது உண்மைதான். 1984-இல் சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் அதைப் போய்ப் பார்த்தார். அந்த ஒரு குப்பத்தை வைத்து ஊரையே குப்பமாக்கிவிட்டார்கள். முன்பிருந்தவர்களைச் சிறுமைப்படுத்தினால்தானே பின்னால் கட்டியவர்கள் பெரியவர்களாகத் தெரிவார்கள்!

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தேன். ஒரு பழைய குலக்கோயில் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த முதியவர் என்னையும் உட்காரவைத்தார். பேச எங்களுக்குப் பொதுமொழி இல்லை. தேநீரில் விரலைத் தோய்த்து மேஜைமேல் ஓர் எழுத்தை எழுதினார். இடப்பக்கம் மண், வலப்பக்கம் ஓடும் நீராக மூன்று கோடுகள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். உடன்வந்த நண்பர்தான் விளக்கினார்: 'ஜென்' என்றால் வயல் வாய்க்கால், ஷென்ஜென் என்றால் ஆழமான வாய்க்கால். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்து காய்ந்து மறைந்துவிட்டது. வாய்க்கால் என்று பெயரிலேயே எழுதிவைத்திருக்கும் ஊர் ஐயா அது! வாய்க்கால் வெட்டியவன் வலையா வீசினான்?

அந்த உழவர்களின் வயல்களைத்தான் தொழிற்சாலைகள் விழுங்கின. வீட்டுமனைகள் மட்டும் அவர்கள் கையில் மிஞ்சின. அவற்றில் நெருக்கி நெருக்கி மாடிகள் எழுப்பி, வெளிமாகாணங்களிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். இந்த வீட்டு ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுக்காரரோடு கைகுலுக்கலாம் என்பதால் 'கைகுலுக்கும் கட்டடங்கள்' என்றே பெயர். மலிவான அந்த அறைகள் இல்லையென்றால் எந்த ஆலையும் ஓடியிருக்காது. நீங்கள் கேட்ட பூங்காவுக்குப் பக்கத்திலேயே பாய்ஷிஜோ என்ற அப்படிப்பட்ட குடியிருப்பு இருந்தது. 2019-இல் குடித்தனக்காரர்களைக் காலிசெய்யச் சொல்லி, பிறகு இடிக்கத் தொடங்கினார்கள். 108 மீட்டர் பொம்மை ஈபிள் மட்டும் பத்திரமாக நிற்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். மகன் கூப்பிட்டுப் போகிறீர்கள், அதைவிட என்ன வேண்டும்? ஒரு நாளை நான்தோ பழைய நகரத்துக்கு வையுங்கள். 1842 வரை ஹாங்காங் தீவும் அந்த ஊர் அதிகாரிக்குக் கட்டுப்பட்டதுதான். இன்னொரு நாள் கிழக்கே தாபெங் கோட்டை. 1394-இல் கடற்கொள்ளையரைத் தடுக்கக் கட்டியது. தூரம் அதிகம், காலையிலேயே கிளம்புங்கள்.