கத்தல் குறைந்தால் சமரசமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பரோனெஸ் என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவின் 'ப்ளூ ரெக்கார்ட்' ஆல்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் அவர்களைக் கேட்கத் தொடங்கினேன். பித்துப் பிடித்ததுபோலக் கேட்டேன். அடுத்து வந்த 'யெல்லோ அண்ட் கிரீன்' பெரிய ஏமாற்றம். பாடகர் தொண்டை கிழியக் கத்திப் பாடும் அந்தக் கத்தல் எங்கே? 'லிட்டில் திங்ஸ்' பாட்டில் டிரம்ஸ் டிஸ்கோ மாதிரி ஓடுகிறது. ரேடியோவுக்காக வளைந்துகொடுத்துவிட்டார்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

2012 ஜூலையில் அந்த ஆல்பம் வந்தபோது பழைய ரசிகர்கள் பலரும் இப்படித்தான் வருந்தினார்கள். ஆனால் யாருக்காக வளைந்தார்கள்? பெரிய கம்பெனி எதுவும் அவர்களை வளைத்துப் போடவில்லை. முந்தைய இரண்டு ஆல்பங்களையும் வெளியிட்ட ரிலாப்ஸ்தான் இதையும் வெளியிட்டது. டெத் மெட்டல், கிரைண்ட்கோர் போன்ற மிகக் கடுமையான இசை வகைகளுக்குப் பேர்போன சுயாதீன நிறுவனம் அது. தயாரிப்பாளரும் நீங்கள் கொண்டாடும் 'ப்ளூ ரெக்கார்ட்'டைச் செய்த அதே ஜான் காங்கிள்டன்தான்.

அந்த 'ப்ளூ ரெக்கார்ட்'டிலேயே 'ஸ்டீல் தட் ஸ்லீப்ஸ் தி ஐ' என்று ஒரு சின்னப் பாட்டு இருக்கிறது. அக்கூஸ்டிக் கிட்டார், சேர்ந்திசைக்கும் குரல்கள், அவ்வளவுதான். இரைச்சலுக்கு நடுவே வருவதால் அதை நாம் இளைப்பாறலாக எடுத்துக்கொண்டு தாண்டிவிடுகிறோம். குழுவின் பாடகர் ஜான் பெய்ஸ்லி கத்தாமல் பாட ஆசைப்பட்டது அங்கேயே தெரிகிறது. 'யெல்லோ அண்ட் கிரீன்' இரட்டை ஆல்பம்; அதில் முதல் வட்டான 'யெல்லோ'வின் கடைசிப் பாட்டு 'யூலா'வை இன்னொரு முறை கேளுங்கள். ஏறக்குறைய ஏழு நிமிடம். அடங்கிய குரலில், நிதானமாகத் தொடங்குகிறது. பாரம் எல்லாம் பிறகுதான் வந்து இறங்குகிறது. தொடக்கம் முதலே கத்தியிருந்தால் அந்த இறக்கத்துக்கு இடமே இருந்திருக்காது. அவர்கள் எழுதியதிலேயே ஆகச் சிறந்த பாட்டு இது என்பேன்.

'லிட்டில் திங்ஸ்' தாளம் நடனத் தாளம்தான், மறுக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. என் குறை வேறு: 18 பாட்டு, 75 நிமிடம் என்பது அதிகம். 'கிரீன்' பாதியில் சில பாட்டுகள் மிதந்துகொண்டே இருக்கின்றன, எங்கும் போய்ச் சேரவில்லை. ஒரே வட்டாகச் சுருக்கியிருக்க வேண்டும். இது தேர்வில் வந்த பிழை. விலைபோனதாக ஆகாது.

அப்புறம், இதை அடுத்து நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஆல்பம் வெளிவந்த அடுத்த மாதமே இங்கிலாந்தில் பாத் நகருக்கு அருகே அவர்கள் போன பஸ் பாலத்திலிருந்து விழுந்தது. பெய்ஸ்லிக்குக் கையும் காலும் முறிந்தன. டிரம்ஸ், பேஸ் வாசித்த இருவரும் மறு வருடம் விலகினார்கள். 2015-இல் 'பர்ப்பிள்' ஆல்பத்தைத் தங்கள் சொந்த நிறுவனமான அப்ராக்ஸன் ஹிம்ஸ் வழியாகக் கொண்டுவந்தார்கள். தட்டிக்கேட்க ஆளில்லை, பழைய கத்தலுக்கே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. அந்த ஆல்பத்தில் கிராமி பரிந்துரை வரை போன 'ஷாக் மீ' பாட்டின் கோரஸ் இன்னும் திறந்த குரலில் இருக்கிறது.

'யூலா', 'ஷாக் மீ' இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதற்குப் பிறகும் சமரசம் என்றே பட்டால் எந்த இடத்தில் என்று எழுதுங்கள், பேசுவோம்.