கணினி கேள்வி–பதில்: லேப் அக்கவுன்ட்

கேள்வி: லேபில் லினக்ஸ். முதல் லாகினிலேயே பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறது. மாற்றினால் ஏற்க மறுக்கிறது.
– முதலாண்டு மாணவி, திருச்சி

பதில்: அங்கே மூன்று தடவை தட்ட வேண்டும். லேபில் கொடுத்த பழைய பாஸ்வேர்டு மறுபடி ஒரு தடவை, அப்புறம் புதியது இரண்டு தடவை. பலர் முதல் தடவையே புதியதைத் தட்டிவிடுகிறார்கள். கறுப்புத் திரை என்றால் தட்டும்போது புள்ளிகூட விழாது. கீபோர்டு பழுது என்று எண்ண வேண்டாம். கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். அகராதியில் உள்ள சொல், உங்கள் யூசர்நேம் கலந்த சொல் இரண்டும் பெரும்பாலும் தள்ளுபடியாகும். மறந்துவிட்டால் அட்மினாலும் பழையதைப் படித்துச் சொல்ல முடியாது, சர்வரில் இருப்பது அதன் ஹாஷ், அதாவது திரும்பப் படிக்க முடியாதபடி உருமாற்றிய வடிவம் மட்டும்தான். ஐடி கார்டோடு போய்ப் புதிதாகப் போட்டு வாங்குங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டு சரி. ஆனால் திரை ஒரு நொடி கறுத்து, திரும்ப லாகின் பக்கமே வருகிறது. எந்த மெஷினிலும் இதே கதை.
– இரண்டாமாண்டு மாணவர், மதுரை

பதில்: எல்லா மெஷினிலும் வருவதுதான் துப்பு. உங்கள் ஹோம் ஃபோல்டர் மெஷினில் இல்லை, சர்வரில் இருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று கோட்டாவும் உண்டு. டெஸ்க்டாப் திறக்கும்போது அங்கே சில சிறு ஃபைல்களை எழுதியாக வேண்டும். இடமில்லாவிட்டால் எழுத முடியாமல் வெளியே தள்ளிவிடும். எனவே முதலில் சந்தேகப்பட வேண்டியது கோட்டாவை.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள லாகின் வரும். டெஸ்க்டாப் இல்லாததால் அதில் நுழைய முடியும். கோட்டா (quota) கட்டளை வரம்பைக் காட்டும், டியூ (du) கட்டளை எந்த ஃபோல்டர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டும். புள்ளியில் தொடங்கும் பெயர்களையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அடைத்திருப்பது ப்ரவுசர் தற்காலிகமாகச் சேர்த்து நிரப்பும் கேஷ் (.cache) ஃபோல்டர்தான். அதில் உள்ளதைத் தயங்காமல் அழிக்கலாம். ட்ராஷுக்கு அனுப்பியதும் கோட்டாவில்தான் சேரும், அதையும் காலி செய்யுங்கள். முடித்ததும் லாக்அவுட் செய்து, கன்ட்ரோல், ஆல்ட்டோடு எஃப்1 அல்லது எஃப்7 அழுத்தித் திரும்புங்கள்.

கேள்வி: இடம் போதாமல் டெம்ப் (/tmp) ஃபோல்டரில் ப்ராஜெக்டை வைத்தேன். மறுநாள் காணோம்.
– எம்.சி.ஏ. மாணவி, சேலம்

பதில்: டெம்ப் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் சொந்தம்; அடுத்த மெஷினில் தெரியாது. ரீஸ்டார்ட் ஆனால் பெரும்பாலும் அழிந்துவிடும். அதே மெஷினில் ஒரு முறை தேடிப் பாருங்கள். இல்லையென்றால் மீட்க வழியில்லை, ஏனெனில் லேப் பேக்கப் எடுத்தால் சர்வரில் உள்ளதைத்தான் எடுக்கும். கூடுதல் இடம் வேண்டுமென்றால் காரணத்தை எழுதி அட்மினிடம் கேளுங்கள்.