மோமோ தட்டும் இருபத்து நாலு சதவீதமும்

கேள்வி: முக்திநாத் யாத்திரைக்கு ஐந்து பேராகப் போய்விட்டு, திரும்பும்போது காத்மாண்டு தமேலில் இரண்டு நாள் தங்கினோம். எல்லாரும் சொன்ன ஒரு நேபாள-திபெத் உணவகத்தில் அரை மணி நேரம் வாசலில் நின்று இடம் பிடித்துச் சாப்பிட்டோம். மெனு விலையைக் கூட்டினால் நேபாள ரூபாயில் 2,800. பில்லில் 3,480. என்னிடம் இந்திய நோட்டுதான் இருந்தது, 2,320 எடுத்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் என்று ஏமாற்றிவிட்டார்களா? - ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகி

பதில்: ஏமாந்திருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

முதலில் அந்த 3,480. மெனு விலை 2,800க்குப் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் 280. ஆக 3,080. அதன்மேல் 13 சதவீதம் வாட் வரி, 400 ரூபாய் 40 பைசா. சில்லறையை விட்டுவிட்டு 3,480 என்று போட்டிருக்கிறார்கள். கவனித்தீர்களா, வரி சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை, சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்து விழுகிறது. அதனால் மொத்தம் 23 சதவீதம் இல்லை, 24.3. நேபாளத்தில் எல்லாக் கடையிலும் இப்படி இல்லை. தெருவோர மோமோக் கடையில் (மோமோ என்பது நம் கொழுக்கட்டை போல ஆவியில் வெந்தது) எழுதிய விலைதான் விலை. சுற்றுலாப் பயணிகள் குவிகிற தமேல், பொக்காராவின் ஏரிக்கரை, இங்கெல்லாம் மெனுவின் கடைசிப் பக்கத்து அடியில் ‘வரியும் சேவைக் கட்டணமும் தனி’ என்று எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கலாம். தட்டைப் பார்ப்பதற்கு முன் அந்தக் குறிப்பைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஆர்டர் எடுப்பவரிடம் ‘வரி, சர்வீஸ் எல்லாம் சேர்த்தா, தனியா?’ என்று கேளுங்கள். அங்கே ஹிந்தி பெரும்பாலும் செல்லும்.

வாட் வசூலித்தால் முறையான வாட் பில் தர வேண்டும். அதில் கடையின் ஒன்பது இலக்க பான் எண் அச்சாகியிருக்கும். துண்டுச் சீட்டில் கையால் எழுதி 13 சதவீதம் கூட்டியிருந்தால், ‘வாட் பில் கொடுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். பல சமயம் அந்த 13 சதவீதம் தானாகக் காணாமல் போகும். உங்கள் பில்லின் படத்தைப் பார்த்தேன், எண் இருக்கிறது, கணக்கும் சரி. அதில் புகார் செய்ய ஒன்றும் இல்லை.

இப்போது அந்த 2,320. நேபாள ரூபாயை நம் ரூபாயோடு 1993 முதல் ஒரே விகிதத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160. அப்படிப் பார்த்தால் 3,480க்கு நீங்கள் தர வேண்டியது 2,175தான். உங்களிடம் நூறுக்கு நூற்றைம்பது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 145 ரூபாய் போனது அங்கேதான். கல்லாவில் ‘ஐ.சி.யா, என்.சி.யா?’ என்று கேட்டிருப்பார்களே, அதாவது இந்தியப் பணமா நேபாளப் பணமா என்று, அந்த நேரத்தில்தான் விகிதத்தைக் கேட்டிருக்க வேண்டும். இந்திய நோட்டை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் உணவகத்துக்கு இல்லாததால் இதைப் புகாராகக் கொண்டுபோவதும் கஷ்டம். அடுத்த முறை உரிமம் பெற்ற பணமாற்றுக் கடையில் முதலிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். நூறு ரூபாய் நோட்டாகக் கொண்டுபோவது நல்லது, பெரிய இந்திய நோட்டுகளுக்கு அங்கே அவ்வப்போது கட்டுப்பாடு வந்திருக்கிறது.

இதே மோமோவை டார்ஜிலிங்கிலோ காங்டாக்கிலோ தர்மசாலாவிலோ சாப்பிட்டிருந்தால் கதை வேறு. அங்கே நம் சட்டம். கேட்காமலே சேவைக் கட்டணத்தைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகங்கள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்றது. எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். இன்னொன்று, ‘காம்போசிஷன்’ முறையில் பதிவு செய்த சிறு கடைகள் தங்கள் கையிலிருந்துதான் ஜிஎஸ்டி கட்ட வேண்டும், உங்களிடம் தனியாக வாங்கக் கூடாது. அந்தச் சொல் பில்லிலேயே இருக்கும். மலையூர்களில் இந்த ரகக் கடைகளைப் பார்க்கலாம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். வெஜ் மோமோ, வெஜ் துக்பா (நூடுல்ஸ் சூப்) என்று மெனுவில் போட்டிருந்தால் நம்பலாமா? ‘பஃப்’ என்றால் என்ன? நம் ஊர் பஃப்ஸ் மாதிரியா? - கும்பகோணம் வாசகர்

பதில்: ஐயா, நல்லவேளை, ஆர்டர் செய்வதற்கு முன் கேட்டீர்கள். பஃப் என்றால் எருமைக் கறி. காத்மாண்டில் மோமோ என்றாலே பல கடைகளில் அதுதான். வெறும் ‘மோமோ’ என்று எழுதியிருந்தாலும் அதுவாக இருக்கலாம். பசு அந்த நாட்டின் தேசிய விலங்கு, அதைக் கொல்வது குற்றம், எருமைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வெஜ் மோமோவின் உள்ளே முட்டைக்கோஸ், கேரட், சில சமயம் பனீர் இருக்கும். அதில் சிக்கல் இல்லை. சிக்கல் வேகவைக்கும் பாத்திரத்தில். ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டைத் தட்டுகள் அடுக்கிய அலுமினியப் பாத்திரம் அது. மேல் தட்டில் இறைச்சி மோமோ, கீழ்த் தட்டில் உங்களுடையது என்று வைத்தால் மேலே உள்ளதன் சாறு கீழே சொட்டும். மோமோவோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் இலவசமாக சூப் வரும். அது எலும்பு வேகவைத்த சாறாக இருக்க வாய்ப்பு அதிகம். துக்பாவும் அப்படித்தான், மேலே மிதக்கும் காய் மட்டும் சைவம், அடியில் உள்ள சாறு அசைவம் என்று இருக்கும். நூடுல்ஸ் மாவில் முட்டை இருந்தாலும் இருக்கும்.

ஆகவே ‘வெஜ்தானே?’ என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘சூப்பில் எலும்பு போட்டதா? தனிப் பாத்திரத்தில் வேகவைக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். நேபாளியில் ‘மாசு நஹால்னுஸ்’ என்றால் ‘கறி போடாதீர்கள்’. மாசு என்றால் இறைச்சி, நம் ஊர் தூசு மாசு இல்லை. தனிப் பாத்திரம் இல்லை என்று சொன்னால் திபெத்தியர்களின் டிங்மோ கேளுங்கள். மடித்து மடித்து ஆவியில் வேகவைத்த வெறும் மாவு பன் அது, உள்ளே எதுவும் கிடையாது. அதுவும் அதே அடுக்கில் வெந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு காய்கறிக் குழம்போடு சாப்பிட்டால் வயிறும் நிறையும்.

அளவையும் கேட்டுவிடுங்கள். காத்மாண்டில் ஒரு தட்டு என்றால் பெரும்பாலும் பத்து மோமோ. பௌதா ஸ்தூபிக்குப் பக்கத்தில் ஒரு கடையில், நம் ஊர்க் கணக்கில் ஆறு வரும் என்று நினைத்து, மூன்று பேருக்கு ஆளுக்கொன்றாக மூன்று தட்டும் கூடவே தென்துக்கும் சொன்னேன். தென்துக் என்பது மாவைக் கையால் இழுத்துக் கிள்ளிப் போடும் தட்டை நூடுல்ஸ், பெரிய கிண்ணத்தில் வரும். பன்னிரண்டு மோமோவை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தோம். கடைக்காரர் பேரில் குற்றமில்லை, ‘அரைத் தட்டு உண்டா’ என்று நான்தான் கேட்கவில்லை.

கேள்வி: ஜோம்சோமில் தக்காளி தாலி சாப்பிட்டோம் (தக்காளிப்பழம் இல்லை!). என் மைத்துனர் மூன்று முறை சாதம் வாங்கினார், அதற்குப் பணம் இல்லை. இன்னொரு கரண்டி கோழிக்குழம்புக்கு மட்டும் 200 ரூபாய் போட்டார்கள். இது என்ன நியாயம்? - திண்டுக்கல் வாசகி

பதில்: வழக்கமான நியாயம்தான். தக்காளி என்பவர்கள் முக்திநாத் போகும் வழியிலுள்ள தக்கோலாப் பள்ளத்தாக்கின் மக்கள். அந்தப் பாதையில் வியாபாரமும் விடுதியும் நடத்திப் பேர் வாங்கியவர்கள். அவர்கள் தாலியில் சாதம், பருப்பு, காய், கீரை இவற்றைக் கேட்கக் கேட்கப் போடுவார்கள். பாத்திரத்தோடு வந்து ‘பாத் தப்னே?’ என்பார்கள், இன்னும் சாதம் போடவா என்று. போதும் என்றால் ‘புக்யோ’ சொல்லிவிட வேண்டும், சும்மா தலையாட்டினால் மறுபடி விழும். இறைச்சிக்கும் தயிருக்கும் இந்தச் சலுகை பொதுவாக இல்லை. 200 அதிகமா என்றால், ஜோம்சோம் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கீழிருந்து ஏறி வருகிற சரக்குக்கு அந்தக் கூலியும் சேரும். விலையை முன்கூட்டியே சொல்லாமல் போட்டது மட்டும்தான் அவர்கள் பேரில் தவறு.

கேள்வி: நேபாள உணவகத்தில் நம் யுபிஐ வேலை செய்யுமா? - கோவை வாசகர்

பதில்: 2024 மார்ச்சிலிருந்து ஃபோன்பே கியூஆர் உள்ள கடைகளில் செய்கிறது. நம் ஊர் போன்பே இல்லை, அது நேபாள நிறுவனம், பெயர்தான் ஒரே மாதிரி ஒலிக்கும். உங்கள் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் இயக்கிவிட வேண்டும். கடவு எண்ணை அழுத்துவதற்கு முன் திரையில் எத்தனை இந்திய ரூபாய் என்று காட்டும், அதை 1.6 கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலைமேல் சிக்னல் போனால் அதுவும் போச்சு. திரும்பி வரும் வண்டிச் செலவுக்காவது பையில் பணம் இருக்கட்டும்.