பெயிண்ட் வேலை சரியில்லை, கையெழுத்தும் போட்டாயிற்று. இனி என்ன செய்வது?

கேள்வி: வீட்டுக்குக் கீழே பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வண்டியைத் திருப்பும்போது தூணில் உரசிவிட்டேன். இடப்பக்கப் பின்கதவும் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள தகடும் நசுங்கின. காப்புறுதி நிறுவனம் சொன்ன பட்டறையில்தான் விட்டேன். எக்ஸஸ், அதாவது பழுதுச் செலவில் என் பங்கு, 600 வெள்ளி கட்டினேன். வேலை முடிந்ததும் மாலை ஏழு மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தேன். மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் பின்கதவு வேறு வெள்ளையாக இருக்கிறது. தொட்டால் நறநறவென்று மணல் போல. கண்ணாடி ரப்பரிலும் வெள்ளைத் தூசி படிந்திருக்கிறது. பட்டறையில் கேட்டால், "பேர்ல் வெள்ளை, ஆறு வருசக் கார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்டபின் கேட்க உரிமை உண்டா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: உண்டு. கார் கைக்கு வந்துவிட்டது, வேலை முடிந்துவிட்டது என்பதற்குத்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். வேலைத்தரத்துக்குத் தரும் உத்தரவாதம் ஓடத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். அங்கீகரித்த பட்டறையில் செய்த வேலைக்குப் பெரும்பாலான காப்புறுதி நிறுவனங்கள் சில மாத உத்தரவாதம் தருகின்றன. எத்தனை மாதம் என்பது உங்கள் பாலிசிப் புத்தகத்தில் இருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள்.

அதைவிட அவசரமான விஷயம் ஒன்று. யாராவது "நான் பாலிஷ் போட்டுத் தருகிறேன்" என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்னொரு கை பட்டுவிட்டால் எது யாருடைய வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது. வேக்ஸ், கோட்டிங் எதுவும் போடாதீர்கள். புதுப் பெயிண்ட் முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும் என்பதால் எப்படியும் அது கூடாது.

அடுத்து, குறையைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். காரைக் கழுவித் துடைத்து, காலை எட்டு ஒன்பது மணிக்குத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். ஈரமாக இருந்தால் எல்லாம் பளபளவென்றுதான் தெரியும். மூன்று மீட்டர் தள்ளி நின்று முன்கதவும் பின்கதவும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். பிறகு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கதவின் நீளவாக்கில் பாருங்கள். அலை அலையாகத் தெரிந்தால் அடியில் போட்ட பட்டி சமமாகத் தேய்க்கப்படவில்லை. இரவில் ஒரு டியூப் விளக்கின் பிம்பத்தை இரண்டு கதவிலும் பாருங்கள். முன்கதவில் விளக்கின் ஓரம் கோடு போல் தெளிவாகவும், பின்கதவில் ஆரஞ்சுப் பழத்தோல் போல் நெளிந்தும் தெரிந்தால் அதையும் படம் எடுங்கள். கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுத் தடவினால், வெறுங்கைக்குத் தட்டாத சின்னத் துகள்கூட விரலுக்குத் தெரியும். கதவைத் திறந்து உள் ஓரத்தையும் பாருங்கள். டேப் ஒட்டிய இடத்தில் வரப்பு போல ஒரு கோடு இருக்கலாம்.

இனி அந்த "அப்படித்தான் இருக்கும்" என்ற பதில். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பேர்ல் வெள்ளை மூன்று அடுக்கு: அடியில் வெள்ளை, நடுவில் முத்துப் பூச்சு, மேலே நிறமில்லாத கிளியர் கோட். நடு அடுக்கை எத்தனை முறை அடித்தார்கள் என்பதைப் பொறுத்தே நிறம் மாறும். ஆறு வருசம் நம் ஊர் வெயிலில் நின்ற காருக்கு, பெயிண்ட் எண்ணை மட்டும் பார்த்துக் கலந்தால் ஒட்டாது. ஆனால் இது தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் முதலில் ஒரு சின்ன அட்டையில் அடித்துக் காரோடு வைத்து ஒப்பிடுகிறார்கள். அதனால்தான் பக்கத்துத் தகட்டிலும் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டு, அந்தத் தகடு முழுவதற்கும் கிளியர் அடிக்கிறார்கள். பட்டறைக்காரர்கள் இதை பிளெண்டிங் என்பார்கள். உங்கள் காரில் இதைச் செய்யவில்லை என்றே தோன்றுகிறது. பம்பர் மட்டும் இலேசாக வேறுபட்டிருந்தால் நானும் விட்டுவிடச் சொல்வேன், ஏனென்றால் அது பிளாஸ்டிக். புதுக் காரிலேயே அந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். உங்களுடையது கதவுக்குப் பக்கத்தில் கதவு. அதை ஏற்க வேண்டியதில்லை.

பட்டறை "சரி, பாலிஷ் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லக்கூடும். எது பாலிஷில் போகும், எது போகாது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். தூசித் துகளை 2000 நம்பர் தண்ணீர்க் காகிதத்தால் (மிக நைஸான உப்புத்தாள்) தேய்த்துப் பாலிஷ் போட்டால் போய்விடும். ரப்பரில் படிந்ததையும் துடைத்து எடுக்கலாம். நிற வேறுபாடு மட்டும் எத்தனை பாலிஷ் போட்டாலும் போகாது. கதவை மறுபடி அடித்து முன்கதவு வரை பிளெண்ட் செய்வது ஒன்றே வழி. இதை அந்தச் சொல்லாலேயே கேளுங்கள்.

கேட்பதைப் பட்டறையிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு அலையாதீர்கள். அந்தப் பட்டறையைக் காட்டியது உங்கள் காப்புறுதி நிறுவனம். அதன் கிளெய்ம்ஸ் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பட்டறைக்கும் நகல் வையுங்கள். கிளெய்ம் எண், கார் எடுத்த தேதி, குறை தெரிந்த தேதி, படங்கள் இருக்கட்டும். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் மறுபடி வந்து பார்க்க வேண்டும், உத்தரவாதத்தின்கீழ் சரிசெய்ய வேண்டும் என்று இரண்டே கோரிக்கை. அவர் ஒப்புக்கொண்ட வேலைப் பட்டியலின் நகலையும் கேளுங்கள். பிளெண்டிங்குக்குப் பணம் ஒதுக்கியிருந்தும் செய்யாமல் விட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

நிறுவனம் கைவிரித்தால் ஃபிட்ரெக் இருக்கிறது. நிதி நிறுவனங்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் இடையே வரும் தகராறைப் பார்க்கும் நிலையம் அது. சமரசப் பேச்சுக்கு உங்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

இதே கதை என் வீட்டிலும் நடந்திருக்கிறது. என் தம்பியும் விளக்கு வெளிச்சத்தில்தான் காரை எடுத்தான். பானெட்டில் நிறம் ஒட்டவில்லை. சண்டை போடாமல், காலை வெயிலில் எடுத்த நாலு படத்தை அனுப்பினான். பத்து நாளில் மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். இப்போது எங்கள் வீட்டில் யார் கார் எடுக்கப் போனாலும் காலையில்தான்.

கேள்வி: பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். எனக்குத் தெரிந்த காக்கி புக்கிட் பட்டறையில் விட்டு, அவருடைய காப்புறுதியில் கோரினோம். பணமும் வந்துவிட்டது. எட்டு மாதத்தில் பின்மூடியில் கிளியர் கோட் உரிகிறது. பட்டறை வாட்ஸ்அப்புக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. இடித்தவரின் காப்புறுதி நிறுவனத்திடம் திரும்பக் கேட்கலாமா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: முடியாது. அவர்கள் இடித்ததற்குப் பணம் கொடுத்துவிட்டார்கள். பட்டறையைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், எனவே ஒப்பந்தம் உங்களுக்கும் பட்டறைக்கும்தான். எட்டே மாதத்தில் கிளியர் உரிவது வெயிலின் குற்றமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அடியைச் சரியாகத் தேய்க்காமலோ, எண்ணெய்ப் பசை போகத் துடைக்காமலோ, அடுக்குகளுக்கு இடையே காயவிடாமலோ அடித்தால் இப்படி வரும்.

வேறொரு பட்டறையில் காட்டி, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு பட்டறையில் வாங்கினால் இன்னும் நல்லது. தொழில்நுட்பப் பரிசோதனை அறிக்கை வேண்டுமென்றால் சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தில் செய்து தருவார்கள். இவற்றோடு, 14 நாளில் சரிசெய்யும்படி பழைய பட்டறைக்குக் கடிதம் கொடுங்கள். அசையவில்லை என்றால் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கம் நடுவில் நின்று பேசும். அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம்.

அந்த மன்றத்தைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. விபத்தில் காருக்கு வந்த சேதத்துக்கு அங்கே போக முடியாது என்பதைக் கேட்டுவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். உங்கள் வழக்கு விபத்தைப் பற்றியதல்ல, காசு வாங்கிக்கொண்டு ஒழுங்காகச் செய்யாத சேவையைப் பற்றியது. அதை மன்றம் எடுத்துக்கொள்ளும். 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. சம்பவத்திலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேசலாம். 'லெமன் சட்டம்' உதவுமா என்று கேட்பவர்களுக்கு: அது வாங்கிய பொருளில் உள்ள குறைக்கு, இந்த மாதிரி வேலைக்கு அல்ல.

கேள்வி: கதவில் கீறல்தான். காப்புறுதியைத் தொடாமல் ஜோகூரில் அடித்துவிடலாமா?
- வாசகர், ஈசூன்

பதில்: காப்புறுதியைத் தொட வேண்டாம் என்பது நல்ல யோசனை. 50 விழுக்காடு கோரிக்கையில்லாக் கழிவு (கோரிக்கை வைக்காமல் இருந்ததற்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி) வைத்திருப்பவர், அதற்குப் பாதுகாப்பு வாங்கியிருக்காவிட்டால், ஒரே கோரிக்கையில் 20க்கு இறங்கிவிடுவார். கீறலுக்காக அதை இழக்க வேண்டாம். ஆனாலும் விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். தெரிவிப்பது வேறு, கோருவது வேறு.

ஜோகூரில் திறமையான ஆட்கள் இருக்கிறார்கள். குறை வந்தால்தான் சிக்கல். முக்கால் டேங்க் பெட்ரோலோடு பாலத்தைத் தாண்டி மறுபடி போய், காரை இரண்டு நாள் விட்டு வர வேண்டும். அங்கே செய்த வேலைக்காக இங்கிருந்து வழக்குப் போடுவதும் சுலபமல்ல. ஒரு கதவுக்கு இங்கே இரண்டு பட்டறையில் விலை கேட்டுவிட்டு, வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். எங்கே அடித்தாலும் ரசீதில் "பிளெண்டிங் உட்பட" என்று எழுதி வாங்குங்கள்.